புது ட்ரெயில் பைக்கின் முன்சக்கரம் ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 170 செ.மீ. உயரம், 74 கிலோ எடை. பல வருடம் 26 அங்குலச் சக்கர ஹார்ட்டெயில், அதாவது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மவுண்டன் பைக், ஓட்டிப் பழகியவர். இப்போது கனடாவின் வான்கூவரில், மலைப்பாதைகள் உள்ள நார்த் ஷோர் பக்கம் குடிவந்து, முன்னால் 150, பின்னால் 140 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய தூரம்) கொண்ட 29 அங்குல ஃபுல் சஸ்பென்ஷன் ட்ரெயில் பைக்கை மீடியம் சைஸில் வாங்கியிருக்கிறார். ஹெட் ஆங்கிள் (தரையோடு ஸ்டியரிங் அச்சின் கோணம்) 65 டிகிரி, சீட் ஆங்கிள் (சீட் குழாயின் கோணம்) 76.5, ரீச் (பெடல் அச்சுக்கு நேர் மேலிருந்து முன்னால் ஸ்டியரிங் குழாயான ஹெட் டியூப் வரை) 455, செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை) 435, வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுக்கும் இடையே) 1210 மி.மீ. இறக்கத்தில் பயமே இல்லையாம். ஆனால் செங்குத்து ஏற்றத்தில் முன்சக்கரம் அங்கும் இங்கும் அலைகிறது, தட்டையான வளைவில் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறது, பெடல் அடிக்கடி கல்லில் இடிக்கிறது. கடையில் கேட்டால் "போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு சைஸ் சின்னதாக எடுத்திருக்க வேண்டுமா, ஹார்ஸ்ட் லிங்க் பிரேமுக்குப் பதில் விபிபி அல்லது டிடபிள்யூ லிங்க் (மூன்றும் பின் சஸ்பென்ஷன் அமைப்பு வகைகள்) எடுத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

ஆக, பணத்தைத் தப்பான இரும்பில் போட்டுவிட்டோமோ என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. பெரும்பாலும் இல்லை. கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: பின் ஷாக்கில் ஓ-ரிங் (எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் ரப்பர் வளையம்) 22 மி.மீ. வரை நகர்கிறது, முன் சஸ்பென்ஷனான ஃபோர்க்கில் 18 மி.மீ.தான். உங்கள் பதிலில் பாதி அந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. அதற்கு வரும் முன்னால் கொஞ்சம் அடிப்படை பேச வேண்டும். நான் பிரேம் வடிவமைக்கிற பொறியாளன் இல்லை. பல வருடமாக சைக்கிள் பட்டறையில் சஸ்பென்ஷன் பிரித்துப் பூட்டுகிறவன், ஆட்களை பைக்கில் உட்கார வைத்து அளவு சரிபார்க்கிறவன். கணக்கில் வருவதை அடித்துச் சொல்வேன். மற்றதை அபிப்பிராயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பழைய ஹார்ட்டெயில் அநேகமாக ஹெட் ஆங்கிள் 71, சீட் ஆங்கிள் 73 உள்ளதாக இருந்திருக்கும். அமெரிக்கப் பந்தயச் சங்கத்தின் பெயரால் 'நோர்பா ஜியோமெட்ரி' என்று சொல்லப்பட்ட அளவு அது. 1990-கள் முழுக்க அதுதான் ராஜா. ரோடு பைக் மரபிலிருந்து வந்தது, ஏற்றத்துக்கு அருமையானது. இறக்கத்தில் முன்சக்கரம் கிட்டத்தட்ட உங்கள் முகவாய்க்கு நேர் கீழே இருக்கும். ஒரு வேரில் முட்டினால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவார். அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லாரும் சீட்டுக்குப் பின்னால் தொங்கப் பழகினோம்.

இதை மாற்றப் பார்த்தவர்கள் பலர். பைக் தயாரிப்பாளர் கேரி ஃபிஷர் 1990-களின் கடைசியில் ஜெனிசிஸ் என்ற பெயரில் மேல் குழாயை நீட்டி ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) குறைத்தார். அப்போது பெரிதாக யாரும் பின்தொடரவில்லை. 2010-ல் ராக்‌ஷாக்ஸ் ரிவெர்ப் வந்து டிராப்பர் போஸ்ட் பரவியபின்தான் நிலைமை மாறியது. ஒரு பொத்தானை அழுத்தினால் சீட் கீழே போய்விடும் என்றானபின், ஏற்றத்துக்கு ஓர் உடல்நிலை, இறக்கத்துக்கு வேறு உடல்நிலை என்று பிரித்து யோசிக்க முடிந்தது. 2012 வாக்கில் ஸ்பெயினின் மாண்ட்ரேக்கர் நிறுவனம் 'ஃபார்வர்ட் ஜியோமெட்ரி' என்று 10 மி.மீ. ஸ்டெம்மோடு பைக் கொண்டுவந்தபோது நிறையப் பேர் சிரித்தார்கள். இன்று 40 அல்லது 45 மி.மீ. ஸ்டெம் இல்லாத ட்ரெயில் பைக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சரி, 71 டிகிரி 65 ஆனதில் என்ன மாறியது? முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், ஸ்டியரிங் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுதான் ட்ரெயில் என்ற அளவு (ட்ரெயில் பைக் என்ற பெயரில் வருவது வேறு). சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் எப்போதும் பின்னால் இழுபட்டு நேராக நிற்கிறதே, அதே வேலைதான் இங்கும். 26 அங்குலச் சக்கரம், 71 டிகிரி, ஃபோர்க் ஆஃப்செட் (ஸ்டியரிங் அச்சுக்கு எவ்வளவு முன்னால் சக்கர அச்சு இருக்கிறது என்பது) 39 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் ட்ரெயில் சுமார் 74 மி.மீ. வரும். 29 அங்குலம், 65 டிகிரி, ஆஃப்செட் 44 என்றால் சுமார் 124. வேகத்தில் உங்களுக்குக் கிடைக்கும் அந்த 'பயமே இல்லை' என்ற நிம்மதியில் பெரும்பங்கு இந்த 50 மி.மீ.தான். சக்கரம் கல்லில் பட்டு விலகினாலும் தானே நேராகிக்கொள்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை ஃப்ளாப். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது பைக்கின் முன்பகுதி சற்றுக் கீழே இறங்கும்; அதனால் திருப்பிய பக்கமே மேலும் திரும்பப் பார்க்கும். அந்த அளவு உங்கள் பழைய பைக்கில் சுமார் 23 மி.மீ., புதியதில் 47 மி.மீ.க்கு மேல். இரண்டு மடங்கு. வேகம் இருக்கும்போது இது தெரியவே தெரியாது. நடக்கிற வேகத்தில், முன்சக்கரத்தில் எடை குறைந்த நிலையில், செங்குத்தில் ஏறும்போதுதான் முழுசாகத் தெரியும். அலைகிறது என்று நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி இது. இதில் சந்தேகமே இல்லை, வடிவியல். இந்த பைக்கோடு ஓரளவு கூடவே இருக்கும். கடைக்காரர் சொன்ன 'பழகிவிடும்' இந்த அளவுக்கு உண்மை.

ஃபோர்க் ஆஃப்செட் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்பெல்லாம் 29 அங்குலச் சக்கரத்துக்கு 51 மி.மீ. வழக்கம். 2017-ல் டிரான்சிஷன் நிறுவனம் சாய்ந்த ஹெட் ஆங்கிளுக்குக் குறைந்த ஆஃப்செட்தான் பொருத்தம் என்று கிளப்பிவிட, பலரும் 44-க்கு மாறினார்கள். கணக்குப்படி 65 டிகிரியில் 51-லிருந்து 44-க்குப் போனால் ட்ரெயில் சுமார் 8 மி.மீ. கூடும், ஹெட் ஆங்கிளை ஒரு டிகிரி சாய்த்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். இது உறுதி. ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு தெரியும் என்பது சந்தேகம். ஒரே பைக்கில் சொல்லாமல் ஃபோர்க்கை மாற்றிக் கொடுத்தால் நல்ல ஓட்டுநர்களே சில நேரம் கண்டுபிடிப்பதில்லை. இதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம், முன்சக்கரத்தில் விழும் எடை. இறக்கத்திலும் வளைவிலும் நீங்கள் நின்றுகொண்டு, கைகளில் அதிகம் அழுத்தாமல் போகிறீர்கள் என்றால், உங்கள் எடை பெடல் அச்சின் வழியாகத்தான் பைக்குக்குள் போகிறது. அந்த எடை இரண்டு சக்கரத்துக்கும் எப்படிப் பிரியும் என்பதை பெடல் அச்சிலிருந்து ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது முடிவுசெய்கிறது. பழைய ஹார்ட்டெயிலில் செயின்ஸ்டே 425, வீல்பேஸ் 1080 என்று வைத்தால், முன்சக்கரத்துக்கு 39 சதவீதம் சொச்சம் போகும். புது பைக்கில் 36-க்குச் சற்றுக் குறைவு. 74 கிலோவில் இது இரண்டரைக் கிலோ வித்தியாசம். அதோடு பழைய 90 மி.மீ. ஸ்டெம் உங்கள் தோளை முன்னால் இழுத்து, கேட்காமலேயே கைகளில் எடையைப் போட வைத்தது. இப்போது அதுவும் இல்லை. அதற்கு மேல், பின்னால் தொங்கும் பழைய பழக்கம் உடம்பில் இன்னும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் தட்டையான வளைவில் முன் டயர் பிடிமானத்தை விடாமல் என்ன செய்யும்?

முன்சக்கரம் தூரப் போய்விட்டதால் நீங்கள் முன்னால் வர வேண்டும். புது ஜியோமெட்ரி ஓட்டுநரிடம் கேட்பது இது ஒன்றுதான். முழங்கையை வெளியே மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து, முகவாய் ஸ்டெம்முக்கு மேலே வரும்படி நில்லுங்கள். பழைய பைக்கில் அப்படி நின்றால் பல் உடையும். இதில் அந்த இடத்துக்கு வராவிட்டால்தான் விழுவீர்கள்.

இப்போது ஓ-ரிங். விளம்பரத்திலும் இணையதளத்திலும் போடும் ஜியோமெட்ரி அட்டவணை ஆள் ஏறாத பைக்கை அளந்தது. ஆள் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் அமுங்கி அது வேறொரு பைக் ஆகிவிடுகிறது. அப்படி அமுங்கும் அளவைத்தான் சேக் என்கிறோம். உங்கள் ஷாக்கின் ஸ்ட்ரோக் 55 மி.மீ. அதில் 22 என்றால் 40 சதவீதம். ட்ரெயில் பைக்குக்குப் பொதுவாகச் சொல்வது 25 முதல் 30; அதாவது 14-லிருந்து 16.5 மி.மீ. வரை. ஃபோர்க்கில் 150-க்கு 18 என்றால் 12 சதவீதம். அங்கே 15 முதல் 20 வரை, அதாவது 22-லிருந்து 30 மி.மீ. வரை இருக்கலாம். ஆக உங்கள் பைக் பின்னால் அளவுக்கு மீறிக் குந்தியிருக்கிறது, முன்னால் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷாக்கில் ஆறேழு மி.மீ. அதிகம் என்பது, லீவரேஜ் விகிதம் (ஷாக் ஒரு மி.மீ. அமுங்கினால் சக்கரம் நகரும் அளவு) சுமார் 2.6 இருப்பதால், சக்கரத்தில் 17 மி.மீ. சொச்சம். ஃபோர்க்கில் 9 மி.மீ. குறைவு. இரண்டும் சேர்ந்து பைக்கை ஒரு டிகிரிக்கு மேல், சுமார் 1.2 டிகிரி, பின்பக்கமாகச் சாய்த்துவிடுகின்றன. ஹெட் ஆங்கிளும் சீட் ஆங்கிளும் இரண்டுமே அந்த அளவு மல்லாந்துவிட்டன. பெடல் அச்சு இருக்க வேண்டியதைவிட 8 மி.மீ. தாழ்ந்துவிட்டது, கல்லில் இடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆளும் பைக்கும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது 2 செ.மீ. பின்னால் போயிருக்கும். முன்சக்கரத்திலிருந்து 1.7 சதவீத எடை பின்னால் போனதற்குச் சமம் அது.

இந்த 1.7-ஐ மற்ற விஷயங்களோடு ஒப்பிட்டால்தான் அதன் பெரிசு தெரியும். இன்று எல்லாரும் செயின்ஸ்டே நீளத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். உங்கள் பைக்கில் செயின்ஸ்டேயை 15 மி.மீ. நீட்டி 450 ஆக்கினால் முன்சக்கர எடை 0.8 சதவீதம் கூடும், அவ்வளவுதான். மீடியத்துக்குப் பதில் ஸ்மால் எடுத்திருந்தாலும், ரீச் 430-ம் வீல்பேஸ் 1180 சொச்சமும் என்று வைத்தால், ஏறக்குறைய அதே 0.8 தான் கிடைத்திருக்கும். ஆக, நீங்கள் பிரேமையே மாற்றி அடையப் பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு, ஒரு ஷாக் பம்ப்பில் கிடைக்கிறது.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும், சுவரில் முழங்கை சாய்த்து பைக்கில் ஏறுங்கள். ஷாக்கை இறுக்கும் லீவர் திறந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை மெதுவாகக் குதித்து அமருங்கள், உராய்வில் சிக்கியது விடுபடட்டும். சீட்டில் அசையாமல் உட்கார்ந்து, ஓ-ரிங்கை சீல் வரை தள்ளி, பிரேக்கைத் தொடாமல் மெல்ல இறங்குங்கள். இறங்கும்போது ஷாக் மேலும் அமுங்கினால் அளவு தப்பு; மறுபடி எடுங்கள். ஷாக்கில் 15 அல்லது 16 மி.மீ. வரும்வரை காற்று ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவை ஏற்றிய பிறகும் பம்ப்பைக் கழற்றி, டிராவலில் கால்வாசி வரை பத்துத் தடவை மெதுவாக அமுக்கி விட வேண்டும். உள்ளே பாசிடிவ், நெகடிவ் என்று இரண்டு அறைகள். அமுக்கினால்தான் காற்று இரண்டிலும் சமமாகும். இதைச் செய்யாமல் விட்டதால் தப்பாக செட் ஆகி பட்டறைக்கு வந்த பைக்குகள் நிறைய. மறுபடி பம்ப் போட்டால் முள் சற்று இறங்கிக் காட்டும், பயப்படாதீர்கள். காற்று கூட்டிய பின் ரீபவுண்டை, அதாவது அமுங்கியது திரும்ப எழும் வேகத்தை, ஒன்றிரண்டு க்ளிக் மெதுவாக்க வேண்டிவரும். ஃபோர்க்கை மட்டும் பெடலில் நின்று, நான் மேலே சொன்ன குனிந்த நிலையில் அளங்கள். 26, 27 மி.மீ. வரும்வரை காற்றைக் குறையுங்கள்.

லீவரை மூடிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். லீவர் டாம்பிங்கை (அசைவின் வேகத்தைத் தணிப்பதை) தொடும், பெடல் மிதிக்கும்போது வரும் ஆட்டத்தை அடக்கும். தூக்கிப் பிடிப்பது ஸ்பிரிங், அதாவது காற்று. அது குறைவாக இருந்தால் லீவர் ஈடுகட்டாது.

ஏற்றத்துக்கு இன்னொன்று, சீட்டின் இடம். சீட் ஆங்கிள் 73-லிருந்து 77 ஆனால், பெடல் அச்சிலிருந்து 720 மி.மீ. உயரத்தில் இருக்கும் சீட் கிட்டத்தட்ட 5 செ.மீ. முன்னால் வரும். நவீன பைக்குகள் ஏறுவதற்கு இதுதான் காரணம். சாய்ந்த ஹெட் ஆங்கிளால் முன்னால் இழந்த எடையை, உட்கார்ந்திருக்கும்போது இது திருப்பித் தருகிறது. ஆனால் 10 டிகிரி ஏற்றத்தில் எந்த சீட் ஆங்கிளும் 10 டிகிரி மல்லாந்துவிடும். அதோடு பின்பக்கம் இன்னும் அமுங்கும். உங்கள் 76.5 இப்போது சேக் தப்பாக இருப்பதால் 75 பக்கம் வந்துவிட்டது. சேக்கைச் சரிசெய்த பிறகும் அலைந்தால், சீட்டை அதன் அடியில் இருக்கும் ரெயில் கம்பியில் 5 முதல் 10 மி.மீ. முன்னால் தள்ளி, மூக்கைச் சற்றே கீழே சாய்த்துப் பாருங்கள். முழங்கால் பெடலைத் தாண்டக் கூடாது என்ற பழைய விதியைச் சொல்லி யாராவது தடுப்பார்கள். அது சமதளத்தில் மணிக்கணக்காக மிதிப்பவர்களுக்குச் சொன்னது. செங்குத்தில் ஏறி, இறக்கத்தில் சீட்டையே தொடாதவருக்கு அதை வைத்து அளப்பது வீண் என்பது என் எண்ணம்.

சீட் ஆங்கிளில் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டவணையில் போடுவது பெரும்பாலும் 'எஃபெக்டிவ்' அளவு, அதாவது ஹெட் டியூபின் உயரத்தில் எடுத்தது. உண்மையான சீட் குழாய் 70, 71 டிகிரியில் சாய்ந்திருக்கலாம். கால் நீளமானவர் சீட்டை அந்த உயரத்தைவிட 10 செ.மீ. மேலே தூக்கினால் 33 மி.மீ. பின்னால் போகும், 77 டிகிரி என்று நம்பியவர் எதிர்பார்ப்பது 22 தான். உங்கள் உயரத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. ஆறடிக்கு மேல் இருப்பவர்கள் வாங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சைஸ் விஷயத்தை முடித்துவிடலாம். ரீச் 455-ஐப் பார்த்து மிரண்டிருக்கிறீர்கள். பழைய பைக்கில் அது 400 பக்கம்தான் இருந்திருக்கும். ஆனால் ரீச் என்பது நின்றுகொண்டிருக்கும்போது உள்ள நீளம். உட்கார்ந்தால் கணக்கில் வருவது மேல் குழாயின் நீளம். உங்கள் பைக்கில் ஸ்டாக் (பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூபின் உச்சி வரை உயரம்) 620 என்று எடுத்தால் அது 604 மி.மீ.; பழையதில் 580 சொச்சம் இருந்திருக்கும். ஸ்டெம் 90-லிருந்து 45 ஆகிவிட்டதால், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் உண்மையில் கிட்டத்தான் வந்திருக்கிறது. ஸ்மால் எடுத்திருந்தால் ஏற்றத்தில் முழங்கால் பாருக்குப் பக்கத்தில் வந்திருக்கும். 170 செ.மீ.க்கு மீடியம் சரி. முன்சக்கரம் இன்னும் லேசாகவே இருந்தால், ஸ்டெம்முக்கு அடியில் இருக்கும் 10 மி.மீ. ஸ்பேஸர் வளையத்தை எடுத்து மேலே போடுங்கள். ஹேண்டில்பார் 9 மி.மீ. இறங்கி, 4 மி.மீ. முன்னால் போகும். ஹெட்செட்டை (ஸ்டியரிங் பேரிங்கை) திரும்ப முறுக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்து லூஸ் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஸ்டெம் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஹேண்டில்பாரைத் தாழ்த்துவது எல்லாருக்கும் ஒத்துவராது. செங்குத்து இறக்கத்தில் மணிக்கட்டு வலித்தால் பழையபடி வைத்துவிடுங்கள்.

செயின்ஸ்டே பற்றி ஒரு வார்த்தை. ஒரே 435-ஐ எல்லா சைஸுக்கும் போடுவது தொழிற்சாலைக்கு வசதி. ஸ்மாலில் 37 சதவீதம் முன்னால் விழும் இடத்தில் எக்ஸ்ட்ரா லார்ஜில் 34 தான் விழும். ஒரே பெயரில் இரண்டு வேறு பைக்குகள். இங்கே பக்கத்திலேயே இருக்கும் நார்கோ 2010-களின் தொடக்கத்திலேயே சைஸுக்கு ஏற்ப பின்பக்கத்தை நீட்ட ஆரம்பித்தது. வான்கூவர் தீவில் கம்பர்லாந்தில் இருக்கும் ஃபார்பிடன் வேறு வழியில் போனது. அவர்களின் ட்ரூயிட் மாதிரி உயரமான பிவட் (பின்பக்கம் சுழலும் மூட்டு) உள்ள பைக்கில், சஸ்பென்ஷன் அமுங்க அமுங்கச் சக்கரம் பின்னால் நகர்ந்து பின்பக்கம் தானே நீள்கிறது. நீளமான செயின்ஸ்டே உயரமானவர்களுக்கு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 170 செ.மீ. ஆளுக்கு 435-க்கும் 440-க்கும் வித்தியாசம் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

அப்புறம் லிங்க் கேள்வி. ஹார்ஸ்ட் லைட்னர் என்ற ஆஸ்திரியர் கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு, பின் பிவட்டை செயின்ஸ்டேயில், அச்சுக்கு முன்னால் வைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தார். அதன் காப்புரிமை ஸ்பெஷலைஸ்டு கைக்குப் போனது. அது காலாவதியான பின் பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். விபிபி என்பது அவுட்லேண்ட் என்ற சின்ன நிறுவனத்திடமிருந்து சாண்டா க்ரூஸ் வாங்கி வளர்த்தது. டிடபிள்யூ லிங்க் டேவ் வீகிளின் வேலை. பிவட், ஐபிஸ் என்ற நிறுவனங்களின் பைக்குகளில் பார்க்கலாம். பின்னால் சொன்ன இரண்டிலும் இரண்டு குட்டை லிங்க்குகள் பின் முக்கோணத்தைப் பிடித்திருக்கும். விபிபியில் அவை எதிரெதிர்த் திசையில் சுழலும், டிடபிள்யூவில் ஒரே திசையில்.

பெயர் எதுவானாலும் உங்கள் காலுக்குத் தெரிவது இரண்டு விஷயம்தான். ஒன்று ஆன்ட்டி-ஸ்குவாட். மிதிக்கும்போது எடை பின்னால் சாய்ந்து பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். செயின் இழுப்பு அதைத் தூக்கிப் பிடிக்கும். 100 சதவீதம் என்றால் இரண்டும் சமம். இரண்டாவது லீவரேஜ் வளைவு: அமுங்க அமுங்க ஷாக் எவ்வளவு கடினமாகிறது என்பது. இரண்டையும் பிவட்டுகள் எந்த மில்லிமீட்டரில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் முடிவுசெய்கிறது, அமைப்பின் பெயர் அல்ல. மிதிக்கும்போது கெட்டியாக நிற்கும் ஹார்ஸ்ட் லிங்க்கும் உண்டு, தொய்கிற இரட்டை லிங்க்கும் உண்டு. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வரும் ஆரஞ்ச் பைக்குகள் ஒரே ஒரு பிவட்டில் காலம் தள்ளுகின்றன, அவற்றுக்கென்று பக்தர்களும் இருக்கிறார்கள். ஆன்ட்டி-ஸ்குவாட் எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. அது எந்தக் கியர், ஆளின் எடை மையம் எவ்வளவு உயரம் என்ற அனுமானத்தில் போட்டது. கியரை மாற்றினாலே மாறும். வரைபடத்தில் 105, 98 என்று வரும் எண்களை வைத்து இரண்டு பைக்கை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

ஆன்ட்டி-ஸ்குவாட்டை ஏற்றினால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இழுபட்டு பெடல் பின்னால் உதைக்கும். பெடல் கிக்பேக் என்பது அது. அப்படி ஒரு விசை உண்டு என்பது உண்மை. மெதுவாக, கியரில் மிதித்தபடி படிக்கட்டு மாதிரியான பாறையில் ஏறும்போது உணர முடியும். மிதிக்காமல் வேகமாக இறங்கும்போது சக்கரம் சுழலும் வேகமே செயின் நீட்சியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதனால் இறக்கத்தில் காலில் படும் அடி எல்லாவற்றையும் கிக்பேக் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பல நேரம் அது ரீபவுண்ட் அதிக வேகமாக இருப்பதாலோ டயரில் காற்று அதிகம் இருப்பதாலோ வருவது. கார்பனா அலுமினியமா என்பதிலும் இதே கதை. எடையில் வித்தியாசம் உண்டு, விலையில் நிறையவே உண்டு. 140 மி.மீ. டிராவலும் 2.4 அங்குல டயரும் நடுவில் இருக்கும்போது பிரேமின் நெகிழ்வை ஓட்டுநர் பிரித்து உணர்கிறார் என்று சொல்வதற்கு நான் தயங்குவேன்.

65 டிகிரி உங்களுக்குத் தேவையா என்பதும் நியாயமான கேள்விதான். நார்த் ஷோரில், ஃப்ரோம், சீமூர் மலைகளின் ஈர வேர்களிலும் பாறைச் சரிவுகளிலும் அது ஆடம்பரமில்லை. உங்கள் பழைய சமதளக் காட்டுப் பாதையில் ஓட்டினால் 67 டிகிரி பைக் இதைவிட உயிரோட்டமாக இருக்கும். எங்கே ஓட்டுகிறோம் என்பதைத் தனியே வைத்துவிட்டு 'சாய்ந்தது நல்லது' என்று பேசுவது விற்பனைப் பேச்சு. ஆனால் நீங்கள் இப்போது இருப்பது இங்கே.

ஆக வரிசை இது: முதலில் ஷாக், அப்புறம் ஃபோர்க், அதன்பிறகு சீட்டை முன்னால் தள்ளுவது, கடைசியாக ஸ்பேஸர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே பாதையில் ஒரே வளைவில் ஓட்டிப் பாருங்கள். தட்டை வளைவில் வெளிப்பக்க பெடலைக் கீழே வைத்து, பைக்கை மட்டும் சாய்த்து, மார்பைத் தாழ்த்துங்கள். இத்தனைக்கும் பிறகு முன் டயர் வழுக்கினால் டயரையே சந்தேகப்படுங்கள். பல பைக்குகள் கடையிலிருந்து வரும்போது மெல்லிய உறையும் கடின ரப்பரும் உள்ள டயரோடுதான் வருகின்றன. இங்குள்ள ஈர வேரில் அதை வைத்துக்கொண்டு எந்த ஜியோமெட்ரியும் காப்பாற்றாது. முன்னால் மட்டுமாவது மென்மையான ரப்பர் டயர் போடுங்கள். ஷாக்கை 16-க்கும் ஃபோர்க்கை 26-க்கும் கொண்டுவந்து ஓட்டிய பிறகும் ஏற்றத்தில் அலைச்சல் குறையவில்லை என்றால், சீட் உயரத்தையும் ஷாக்கின் மேல் எழுதியிருக்கும் அளவையும் இங்கே போடுங்கள். ஷாக் உள்ளே காற்று நெகடிவ் அறைக்குக் கசிகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்; அது பிரேமோடு சம்பந்தமில்லாத, சீல் மாற்றினால் தீருகிற வேலை.